உங்கள் அட்டவணையில் மானிட்டாலைவிட அதிகம் பேசுவது மண்டபத்துக் காற்று

கேள்வி, சுருக்கமாக: "ஊர் பாம்பன். எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு. கட்டக்கோரை என்னும் கடற்பாசியிலிருந்து மானிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) பிரித்தோம். எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்து உச்சங்களை அட்டவணை போட்டு, 'மானிட்டாலின் அமைப்பு உறுதி செய்யப்பட்டது' என்று எழுதினேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் 'எப்படி உறுதியாச்சு?' என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. திருத்திக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அதிர்வு நிறமாலையை வைத்து ஒரு சிறு மூலக்கூறின் அமைப்பை உண்மையில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ராமனும் எடுக்க வேண்டுமா?"

உடன் கொடுத்திருந்த அட்டவணையில் ஏழு வரிகள்: 3431 ஓ–ஹெச், 2925 சி–ஹெச், 2360 ஆல்கைன், 1635 சி=ஓ, 1082 சி–ஓ, 1020 சி–ஓ, 668 கார்பன்–புரோமின். எல்லாம் செ.மீ⁻¹ அளவில், அதாவது அதிர்வெண்ணைக் குறிக்கும் அலகில்.

தங்கச்சி, தேர்வாளர் மேல் வருத்தப்பட வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இன்னும் கடுமையாகவே கேட்டிருக்கலாம். மானிட்டாலில் ஆல்கைன் கிடையாது, சி=ஓ கிடையாது, புரோமின் கிடையவே கிடையாது. ஏழு வரியில் மூன்று, இல்லாத பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிறது. ஆனால் அந்த மூன்று வரிகளை வைத்தே உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். அவை குப்பை அல்ல. அவை வேறு இரண்டு சிறு மூலக்கூறுகள். அவற்றின் அமைப்பு உங்கள் தாளிலேயே அச்சாகி வந்திருக்கிறது.

முதலில் 1635. நானும் மண்டபத்துக்காரன்தான், இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தக் கருவிகளோடுதான் பிழைப்பு. நான் முதன்முதலில் கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) வில்லை அழுத்தியது ஒரு ஐப்பசி மாதம். அகேட் உரலில் பொட்டாசியம் புரோமைடையும் மாதிரியையும் அரைத்து, அச்சில் போட்டு, பிரஸ்ஸில் எட்டு டன் ஏற்றி எடுத்தால் கண்ணாடி மாதிரி ஒரு வில்லை வந்தது. பெருமையாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுத்த அறையில் இருந்த நண்பனிடம் காட்டப் போனேன். திரும்பி வருவதற்குள் கண்ணில் பூ விழுந்த மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. வெளியே வாடைக்காற்று, ஜன்னல் திறந்து கிடந்தது. அதோடே ஓட்டினேன். அழகாக 3430, 1635 இரண்டும் வந்தன. 'அமைடு' என்று எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாதிரி எதுவும் கலக்காத வெறும் கேபிஆரில் ஒரு வில்லை போட்டு ஓட்டச் சொன்னார். அதிலும் அதே இரண்டு உச்சம், அதே இடத்தில்.

அது தண்ணீர். கடலோரத்தில் கேபிஆர் ஈரம் குடிக்காமல் இருக்காது; வாலிநோக்கம் உப்பளத்தில் மூட்டைக்கு அடியில் நசநசப்பது போலத்தான். உங்கள் 3431-இல் ஒரு பங்கு மானிட்டாலுடையது, அதில் சந்தேகமில்லை. ஆறு ஓ–ஹெச் இருக்கிற பொருள். ஆனால் படிக மானிட்டாலின் ஓ–ஹெச் இன்னும் கீழே, 3300-ஐ ஒட்டி வர வேண்டும். 3431-இல் மொழுக்கென்று ஒரு அகன்ற மேடு இருந்தால், அதோடு 1635-உம் கூடவே வந்தால், பெரும்பாலும் காற்றின் ஈரம்தான் பேசுகிறது.

அந்த 1635 என்பது என்ன அதிர்வு? நீர் மூலக்கூறில் மூன்று அணு. ஒவ்வோர் அணுவும் மூன்று திசையில் அசையலாம், ஆக ஒன்பது. மூலக்கூறு முழுவதுமாக நகர்வதற்கு மூன்று, முழுவதுமாகச் சுழல்வதற்கு மூன்று கழித்தால் மீதம் மூன்று அதிர்வு: இரண்டு கையையும் ஒன்றாக நீட்டிச் சுருக்குவது, ஒன்றை நீட்டி மற்றதைச் சுருக்குவது, இரண்டு கையையும் கத்தரிக்கோல் மாதிரி விரித்து மூடுவது. வளிமத்தில் இவை 3657, 3756, 1595. திரவத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு பிடித்து இழுப்பதால் நீட்சி 3400 பக்கம் இறங்கி அகன்றுவிடும். வளைவு கொஞ்சம் இறுகி 1640 பக்கம் ஏறும். உங்கள் 'சி=ஓ' அந்தக் கத்தரிக்கோல்தான்.

இந்த எண்ணும் கணக்கை மானிட்டாலுக்கும் போட்டுப் பாருங்கள். ஆறு கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன்: 26 அணு. மூன்றால் பெருக்கினால் 78, ஆறு கழித்தால் 72 அதிர்வு. அட்டவணையில் ஏழே வரி. அதில் மானிட்டாலுக்கு உண்மையில் சொந்தமானவை நான்கு. 72 பேர் உள்ள ஊரில் நான்கு பேரைப் பார்த்துவிட்டு ஊரையே தெரியும் என்பது மாதிரி.

இனி 2360-க்கு வருகிறேன். இதை ஆல்கைன் என்றும் நைட்ரைல் என்றும் எழுதிய ஆய்வேடுகளை எண்ணினால் தலை சுற்றும். அது ஆல்கைன் அல்ல. அது உங்கள் மூச்சு. கருவியின் அறையைத் திறந்து, குனிந்து, வில்லையை வைத்து மூடும்போது நீங்கள் விட்ட கார்பன் டை ஆக்சைடு. மாதிரி வைக்காமல் பின்னணி எடுத்தபோது இருந்த அளவும் மாதிரி எடுத்தபோது இருந்த அளவும் வேறாக இருந்தால் கழித்தல் சரியாக நடக்காது. மிச்சம் உச்சமாக நிற்கும். 668-இல் ஊசி மாதிரி நிற்பதும் அதுவே.

இப்போது அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2360-இல் ஒரு மேடு, 2340-இல் இன்னொரு மேடு, நடுவே 2349-இல் பள்ளம். ஆனால் 668 பக்கம் போனால் பள்ளம் இல்லை, நேர்மாறாக நடுவில்தான் கூர்மையான ஊசி. இந்த இரண்டு வடிவமும் அந்த மூலக்கூறின் உருவத்தைச் சொல்கின்றன.

வளிமத்தில் மூலக்கூறு அதிர்ந்துகொண்டே சுழலும். ஒளியை உறிஞ்சும்போது சுழற்சி ஒரு படி ஏறலாம் அல்லது ஒரு படி இறங்கலாம். ஏறியவை ஒரு பக்க மேடு, இறங்கியவை மறுபக்க மேடு. சுழற்சி மாறாமலே அதிர்வு மட்டும் மாறினால் நடுவில் ஊசி வரும். நேர்கோட்டு மூலக்கூறில், கோட்டின் வழியே நடக்கும் நீட்சிக்கு அந்த நடு ஊசிக்கு அனுமதி இல்லை. கோட்டுக்குக் குறுக்கே நடக்கும் வளைவுக்கு உண்டு. ஆகவே நீட்சியில் பள்ளமும் வளைவில் ஊசியும் கண்டால் மூலக்கூறு நேர்கோடு. உங்கள் ஆய்வேட்டில் உண்மையிலேயே 'அமைப்பு' என்று சொல்லத் தகுந்த ஒரே சான்று இதுதான். அதற்கு நீங்கள் வைத்த பெயர்கள் ஆல்கைனும் கார்பன்–புரோமினும்!

நேர்கோடு சரி. கார்பன் நடுவில் இருக்கிறதா, ஓரத்திலா? இங்கேதான் ராமன் உள்ளே வருகிறார். பொருளில் பட்டு, நிறம் சற்றே மாறிச் சிதறும் ஒளியை அளப்பதுதான் ராமன் நிறமாலை.

அகச்சிவப்பு ஒளியை ஓர் அதிர்வு உறிஞ்ச வேண்டுமானால், அந்த அசைவில் மூலக்கூறின் மின் இருமுனை (நேர், எதிர் மின்னேற்றங்கள் விலகி நிற்கும் அளவு) மாற வேண்டும். ராமன் சிதறலில் தெரிய வேண்டுமானால், எலக்ட்ரான் முகில் நெளிந்து கொடுக்கும் அளவு மாற வேண்டும். கார்பன் நடுவில் நின்று இருபுறமும் ஆக்சிஜன் இருந்தால், இரண்டும் ஒன்றாக விலகி ஒன்றாக நெருங்கும் அசைவில் இருமுனை பூச்சியமாகவே இருக்கும். அகச்சிவப்புக்கு அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் முகில் பெருத்துச் சிறுக்கிறது, அதனால் ராமனில் தெரியும். மையச் சமச்சீர் உள்ள எந்த மூலக்கூறுக்கும் பொது விதி இது: ஒன்றில் தெரிவது மற்றதில் தெரியாது. கார்பன் டை ஆக்சைடில் அகச்சிவப்பில் 2349, 667. ராமனில் 1388, 1285. ஒன்றுகூட இரண்டிலும் இல்லை. ஒரே ஒரு சமச்சீர் நீட்சி இருக்க வேண்டிய இடத்தில் ஏன் 1388, 1285 என்று இரண்டு? 667-இன் இரட்டிப்பு அதற்கு மிக அருகில் விழுவதால் இரண்டும் கலந்து, தள்ளிப் பிரிகின்றன. 1931-இல் இயற்பியலாளர் ஃபெர்மி விளக்கிய விஷயம் அது.

இதோடு நைட்ரஸ் ஆக்சைடை ஒப்பிடுங்கள். மயக்க மருந்தாகப் பயன்படும் வளிமம். மூன்று அணு, மூலக்கூறு எடை கார்பன் டை ஆக்சைடு மாதிரியே 44, எலக்ட்ரான் எண்ணிக்கையும் அதே. ஆக்சிஜன் நடுவிலா, நைட்ரஜன் நடுவிலா? நிறமாலையில் 2224, 1285, 589 என்று மூன்று. நீட்சிகள் இரண்டும் அகச்சிவப்பிலும் வருகின்றன, ராமனிலும் வருகின்றன. விதி உடைந்தது, ஆகவே மையச் சமச்சீர் இல்லை. இதோடு நிறுத்தி 'நைட்ரஜன்–நைட்ரஜன்–ஆக்சிஜன்' என்று எழுதினால் தேர்வாளர் மறுபடியும் மடக்குவார்: நைட்ரஜன்–ஆக்சிஜன்–நைட்ரஜன் என்று நீர் மாதிரி வளைந்திருந்தாலும் மையச் சமச்சீர் இருக்காதே, மூன்றும் இரண்டிலும் வருமே? சரியான மறுப்பு. அதற்குப் பதில் மேட்டின் வடிவத்தில் இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடின் நீட்சிகளில் நடுவே பள்ளம், ஆகவே நேர்கோடு. நேர்கோடும் வேண்டும், சமச்சீரும் இருக்கக்கூடாது என்றால் ஆக்சிஜன் ஓரத்தில்தான் நின்றாக வேண்டும்.

சிறு மூலக்கூறு அமைப்பு கண்டுபிடிப்பது என்றால் இதுதான். நிறமாலை 'இதுதான் அமைப்பு' என்று ஒருநாளும் சொல்லாது. 'இது இல்லை, இதுவும் இல்லை' என்று ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். முதலில் சாத்தியமான எல்லா வடிவங்களையும் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை உச்சம், எதில் தெரியும், என்ன வடிவத்தில் என்று கணித்து வைக்க வேண்டும். அப்புறம்தான் கருவியைத் தொட வேண்டும். உங்கள் ஆய்வேட்டில் போட்டி வடிவம் ஒன்றுகூட இல்லை. ஓட்டமே நடக்காமல் வென்றவரை அறிவித்துவிட்டீர்கள்.

பென்சீனுக்கும் இதே வேலைதான் நடந்தது. 1930-களில் லண்டனில் வேதியியலாளர் இங்கோல்டும் கூட்டாளிகளும் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் (இருமடங்கு எடையுள்ள ஹைட்ரஜன்) வைத்த பென்சீன்களைச் செய்து அகச்சிவப்பு, ராமன் இரண்டும் எடுத்தார்கள். முப்பது அதிர்வில் அகச்சிவப்புக்குத் தெரிவது நான்கு அதிர்வெண், ராமனுக்கு ஏழு, பொதுவாக ஒன்றும் இல்லை. ஒழுங்கான அறுகோணத்தைத் தவிர மற்ற வடிவங்களுக்கு அங்கே இடமில்லை.

ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் வேறு எடையுள்ள அணு, பற்றி ஒரு வார்த்தை. பிணைப்பு ஒரு சுருள்வில், அணுக்கள் அதன் இரு முனையில் கட்டிய எடைகள். கரையில் கட்டிக் கிடக்கிற வெறும் வள்ளம் சின்ன அலைக்கே துள்ளும். ஐஸ் ஏற்றின வள்ளம் மெதுவாக ஏறி இறங்கும். கடல் அதே கடல்தான். அப்படி, வில்லை மாற்றாமல் எடையை மட்டும் மாற்றுவதற்குத்தான் டியூட்டீரியம். ஹைட்ரஜன் குளோரைடின் நீட்சி 2886. ஹைட்ரஜனை டியூட்டீரியமாக்கினால் குறைத்த நிறைகளின் (இரு அணுவும் சேர்ந்து அதிரும்போது செயல்படும் நிறை) விகிதம் 1.944, அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2070 வர வேண்டும். அளந்தால் 2091. இருபது எண் எங்கே போயிற்று என்றால், உண்மையான பிணைப்பு நல்ல வில் அல்ல. இழுக்க இழுக்கத் தொய்ந்துபோகும். அந்தத் தொய்வு இல்லையென்றால் ஹைட்ரஜன் குளோரைடு 2991-இல் அதிர்ந்திருக்கும். 2886-ஐ 2991-ஆல் வகுத்தால் 0.965. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

அதே ஹைட்ரஜன் குளோரைடு வளிமத்தை நல்ல பிரிதிறனில் எடுத்தால் மேடுகள் சீப்புப் பல் மாதிரி தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். இடைவெளி ஏறக்குறைய 21 செ.மீ⁻¹. அதிலிருந்து நேரடியாகப் பிணைப்பு நீளம் வரும்: 1.27 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு பல்லும் இரட்டையாக இருக்கும். குளோரின்-35, குளோரின்-37 இரண்டும் மூன்றுக்கு ஒன்று என்ற உயரத்தில், இரண்டு செ.மீ⁻¹ தள்ளித் தள்ளி. கார்பன் டை ஆக்சைடிலோ பற்களில் ஒன்று விட்டு ஒன்று காணாமல் போயிருக்கும். இருபுறமும் ஒரே மாதிரி ஆக்சிஜன் இருந்தால்தான் அப்படி விழும். நைட்ரஸ் ஆக்சைடில் ஒரு பல்லும் விழுவதில்லை. நிறமாலை அளவுகோலாகவே மாறி நீளத்தைத் தருவது இப்படிப்பட்ட குட்டி வளிமங்களில்தான். திண்மத்திலும் கரைசலிலும் சுழற்சி இல்லை. இந்தச் சலுகையும் இல்லை. கேபிஆர் வில்லையிலிருந்து பிணைப்பு நீளம் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ராமன் எடுக்க வேண்டுமா என்றால், வேண்டும். அதற்குக் காரணம் நம் ஊர்க் கடலிலேயே இருக்கிறது. 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்த சி.வி. ராமன், அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தான் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலேயின் கருத்தை ஏற்கவில்லை. நிக்கோல் பட்டகம் (ஒளியை முனைவாக்கும் படிகம்) ஒன்றை வைத்து மேற்பரப்புப் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் குறையவில்லை, கூடியது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். அந்தத் தேடல்தான் 1928 பிப்ரவரி 28-இல் கொல்கத்தாவில் ராமன் விளைவாக முடிந்தது. கூட இருந்து வேலை செய்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். இப்போது விருதுநகர் மாவட்டம்; 1985 வரை நம்ம ராமநாதபுரம் ஜில்லா.

கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆழ்கடலின் நீலத்துக்குச் சிதறல் பாதிக் காரணம்தான். மறுபாதி அதிர்வு. நீரின் ஓ–ஹெச் நீட்சிக்கு மேற்சுரங்கள் உண்டு, வீணைத் தந்திக்கு இருப்பது போல. மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று ஏறினால் அவை கண்ணுக்குத் தெரியும் சிவப்புப் பகுதிக்குள் நுழைந்து, 700, 605 நானோமீட்டரை ஒட்டி மெல்ல உறிஞ்சும். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, திரும்பி வருவது நீலம். டியூட்டீரியம் கொண்ட கனநீரில் அதே மேற்சுரங்கள் அகச்சிவப்புக்குள் இறங்கிவிடுவதால் அதற்கு நிறமே கிடையாது. மூலக்கூறு அதிர்வால் நிறம் பெறும் பொருள்கள் அபூர்வம். தனுஷ்கோடி முனையில் நின்றால் அதில் ஒன்றுக்கு நடுவில்தான் நிற்கிறீர்கள். (அங்கே இருபுறமும் உள்ள ஆண் கடலும் பெண் கடலும் ஏன் வேறு நிறம் என்று அடுத்து கேட்பீர்கள். அது நீரின் வேலை இல்லை. கலங்கலும் மிதவை உயிரிகளும்.)

ராமனின் நடைமுறைப் பயன், அதில் தண்ணீர் பலவீனமாகத் தெரியும் என்பது. அகச்சிவப்பில் நீர் எல்லாவற்றையும் மூடிவிடும். ராமனில் கடல்நீரையே குப்பியில் வைத்து எடுக்கலாம்; 981-இல் சல்ஃபேட்டின் நான்கு ஆக்சிஜனும் ஒன்றாக மூச்சு விடும் அதிர்வு தனியாக நிற்கும். அதே குப்பியில் சல்ஃபேட்டைவிடப் பல மடங்கு இருக்கும் சோடியமும் குளோரைடும் தமக்கென்று ஓர் உச்சமும் காட்டாது. தனி அயனி, அதிர்வதற்குப் பிணைப்பு எங்கே இருக்கிறது? உப்புப் படிகமும் 650 செ.மீ⁻¹ வரை அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும். அதனால்தான் பழைய ஆய்வகங்களில் உப்புத் தகடே ஜன்னல் கண்ணாடி. ஈரக் கையால் தொட்டால் ரேகை பதிந்துவிடும்.

ஆனால் எச்சரிக்கை. பாசிச் சாற்றை அப்படியே லேசரின் கீழ் வைத்தால் பச்சையம் ஒளிர்ந்து ராமனை மூழ்கடித்துவிடும். 532 நானோமீட்டர் லேசரில் மலை மாதிரி ஒரு மேடுதான் வரும். மானிட்டாலை இரண்டு மூன்று முறை மறுபடிகமாக்கி வெள்ளை வெளேரென்று ஆக்கிய பிறகு வையுங்கள். கிடைத்தால் 1064 லேசரில்.

அமைப்பு என்றால் எந்த அணு எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டுமில்லை, எப்படி முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்பதும்தான். ஜப்பானின் மிசுஷிமா இதை 1,2-டைகுளோரோஈத்தேனில் காட்டினார். திரவத்தின் ராமனில் கார்பன்–குளோரின் நீட்சிக்கு 754, 654 என்று இரண்டு வலுவான உச்சம். உறைய வைத்தால் 654 மறைந்துவிடும். இரண்டு குளோரினும் எதிரெதிராக நிற்கும் வடிவம் மட்டும் படிகத்தில் மிஞ்சுகிறது. பக்கவாட்டில் திரும்பி நிற்பது திரவத்தோடு போய்விடுகிறது. பொருளை மாற்றாமல் குளிரவைத்தே ஓர் உருவத்தைப் பிரித்துவிட்டார்கள். மானிட்டாலுக்கு இதில் பாடம் இருக்கிறது: அதன் படிகம் மூன்று வகை. ஒரே மூலக்கூறு, அடுக்கும் விதம் வேறு, நிறமாலையும் வேறு. எந்தக் கரைப்பானிலிருந்து, எந்த வேகத்தில் படிகமாக்கினீர்கள் என்று எழுதாமல் நூல் மதிப்போடு ஒப்பிட்டால் பொருந்தாமல் போகலாம். மாதிரி சுத்தமில்லை என்று அர்த்தமில்லை.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. கருவாட்டுக் கொட்டகையைத் தாண்டும்போது மூக்கைப் பிடிக்க வைக்கும் வாசனையில் முக்கியப் பங்கு டிரைமெத்தில் அமீனுக்கு. நைட்ரஜனோடு மூன்று மெத்தில். நைட்ரஜனின் தலையில், யாரோடும் சேராத ஓர் எலக்ட்ரான் ஜோடி. அந்த ஜோடியைக் கண்ணால் காண முடியுமா? அகச்சிவப்பில் காணலாம். சாதாரண சி–ஹெச் நீட்சிகள் 2850-க்கு மேலே வரும். இதில் 2800-க்கும் கீழே, 2775-ஐ ஒட்டி, பலமான ஓர் உச்சம் இறங்கி நிற்கும். ஜோடிக்கு நேர் எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன்களுடையது அது. தனி ஜோடி தன் எலக்ட்ரானில் கொஞ்சம் அந்தப் பிணைப்பின் எதிர்ப்பிணைப்பு நிலைக்குள் சிந்துகிறது, பிணைப்பு தளர்கிறது, அதிர்வு இறங்குகிறது. இப்போது ஓர் அமிலத்தைச் சேருங்கள். புரோட்டான் அந்த ஜோடியைப் பிடித்துக்கொள்ளும், சிந்துவதற்கு ஒன்றுமில்லை, 2775 போய்விடும். வாசனையும் போய்விடும், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. மீன் குழம்புக்கு ஏன் புளி என்று ஆத்தாவிடம் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள், ஆனால் சட்டியில் இதுவும் நடக்கிறது. ஓர் உச்சம் இருப்பதும் மறைவதும் அமைப்பைச் சொல்வது இப்படி: ஒரு காரணம், அதற்கு ஒரு சோதனை, அதற்கு ஒரு முடிவு.

இனி உங்கள் மானிட்டால். போட்டியாளர் யார்? சார்பிட்டால். அதே அணுக்கள், அதே வரிசை, அதே ஆறு ஓ–ஹெச். ஒரே ஒரு கார்பனில் ஓ–ஹெச் திரும்பி நிற்கிறது. உங்கள் அட்டவணை சார்பிட்டாலுக்கும் வரிக்கு வரி பொருந்தும். கல்கண்டுக்குக்கூட ஏறக்குறைய பொருந்தும். 'தொகுதி அட்டவணை' செய்யக்கூடியது அவ்வளவுதான்; தொகுதி இருக்கிறதா என்று சொல்லும், எப்படிக் கோத்திருக்கிறது என்று சொல்லாது. வேறுபாடு இருப்பது 1500-க்குக் கீழே, நாம் எல்லாரும் 'கைரேகைப் பகுதி' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகும் இடத்தில். அங்கே அசைவுகள் ஒரு பிணைப்புக்குச் சொந்தமானவை அல்ல. மூலக்கூறு முழுவதும் சேர்ந்து ஆடுகிறது. அதனால்தான் பெயர் வைக்க முடியாது, அதனால்தான் ஆளை அடையாளம் காட்டும். சுத்தமான மானிட்டால், சுத்தமான சார்பிட்டால் இரண்டையும் வாங்கி, ஒரே நாளில், ஒரே கருவியில் எடுத்து, மூன்று கோட்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். 1500 முதல் 600 வரை ஒவ்வொரு உச்சமும் மானிட்டாலோடு ஒட்டி, சார்பிட்டாலோடு ஒட்டாமல் போனால், சொல்வதற்கு ஒன்று கிடைத்தது. அப்போதும் அது டி-மானிட்டாலா அதன் கண்ணாடிப் பிம்பமா என்று இந்தக் கருவி சொல்லாது. இரண்டுக்கும் ஒரே நிறமாலை. வட்ட முனைவாக்கிய ஒளி வேண்டும். இயற்கைப் பாசியிலிருந்து வந்தது என்பதால் டி என்று எழுதலாம், ஆனால் நிறமாலை சொன்னதாக எழுதக் கூடாது.

கணினியில் கணக்கிட்ட நிறமாலையோடு ஒப்பிடலாமா என்று வழிகாட்டி கேட்கக்கூடும். பி3எல்ஒய்பி என்ற கணக்கு முறையைப் போட்டு 0.96-ஆல் பெருக்குவது வழக்கம். அந்த 0.96 மந்திர எண் அல்ல. மேலே நினைவில் வைக்கச் சொன்ன 0.965 ஞாபகம் இருக்கிறதா? தொய்யும் வில்லைத் தொய்யாத வில்லாகக் கணக்கிடுவதால் எண் ஏறிப்போகிறது. பெரும்பாலும் அதைத்தான் இறக்குகிறோம். ஆனால் கணினியில் இருப்பது வெற்றிடத்தில் தனியாக நிற்கும் ஒற்றை மானிட்டால். வில்லையில் இருப்பது பக்கத்தாரோடு ஆறு கையையும் கோத்து நிற்கும் படிகம். ஓ–ஹெச் நீட்சி 3600 பக்கம் வந்து, அளந்தது 3300-இல் நின்றால் திகைக்காதீர்கள். இழுத்துப் பொருத்தவும் முயலாதீர்கள். மானிட்டாலை மட்டும் கணக்கிட்டு 'பொருந்தியது' என்று எழுதுவதிலும் பயனில்லை. சார்பிட்டாலையும் கணக்கிட்டு, அது எங்கே பொருந்தவில்லை என்று காட்டினால்தான் கணக்குக்கு மதிப்பு.

ஓ–ஹெச்சைப் பற்றிச் சந்தேகமிருந்தால் எளிய வழி: மாதிரியைக் கனநீரில் கரைத்து உலர்த்தி, மறுபடியும் கனநீரில் கரைத்து உலர்த்தி எடுங்கள். 3300 மேடு 2450 பக்கம் இறங்கும். சி–ஹெச்சுகள் அசையாது. எது ஓ–ஹெச், எது சி–ஹெச் என்று அட்டவணையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். நம் கடற்கரைக் காற்றில் அது திரும்ப ஈரம் குடித்து ஓ–ஹெச்சாக மாறுவதற்குள் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வேட்டில் 'அமைப்பு உறுதி செய்யப்பட்டது' என்ற வரியை அடித்துவிடுங்கள். 'அகச்சிவப்பு நிறமாலை மானிட்டாலோடு ஒத்துப்போகிறது; சார்பிட்டாலோடு இந்த இந்த இடங்களில் ஒத்துப்போகவில்லை; உருகுநிலை இவ்வளவு' என்று எழுதுங்கள். சுத்தமான மானிட்டால் 166–168 டிகிரியில் உருகும். சார்பிட்டால் நூறைத் தாண்டுவதற்கே திணறும். அந்த ஒரு வெப்பமானி ஏழு வரி அட்டவணையைவிட அதிகம் சொல்லும். 2360, 668 இரண்டையும் நீக்க வேண்டாம். 'காற்றின் கார்பன் டை ஆக்சைடு' என்று பெயர் மாற்றி, பள்ளத்தையும் ஊசியையும் குறிப்பிட்டு விடுங்கள், தேர்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார். பிற்சேர்க்கையில் வெறும் கேபிஆர் வில்லையின் நிறமாலையையும் வைத்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதுங்கள். ஐப்பசியில் எடுத்ததா, சித்திரையில் எடுத்ததா என்று பாம்பன் தெரிந்தவர் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்.